மறுமொழி: பிளெஸ்னரின் சொல்லுக்கு 'மையம்விலகு நிலைகொள்ளல்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் தத்துவவாதி ஹெல்முட் பிளெஸ்னரின் 'எக்ஸென்ட்ரிஷ பொசிட்சியோனாலிடேட்' (மனிதன் தன் மையத்தில் இருந்துகொண்டே அதற்கு வெளியேயும் நிற்கும் நிலை) என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்பதுதான் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகளில் 'மையப்பிறழ்வு நிலை'க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு ஒப்பவில்லை. பிறழ்வு என்றாலே மனப்பிறழ்வு, நடத்தைப்பிறழ்வு என்று மருத்துவமனை வாடை அடிக்கிறது. பிளெஸ்னர் பேசுவது கோளாறைப் பற்றி அல்ல, மனித உயிரின் இயல்பான அமைப்பைப் பற்றி. 'எக்ஸென்ட்ரிசிட்டி'க்குப் பள்ளிக் கணக்கில் உள்ள 'மையத்தொலைத்தகவு' நீள்வட்டத்தோடு நிற்கட்டும்.

பிளெஸ்னர் விலங்கியல் படித்துவிட்டுத் தத்துவத்துக்கு வந்தவர், அதனால் 1928-இல் வெளிவந்த அவருடைய நூல் ஆன்மாவையோ பகுத்தறிவையோ முதலில் வைக்காமல் உயிருள்ள உடலுக்கும் அதன் எல்லைக்கும் உள்ள உறவிலிருந்து தொடங்குகிறது. செடிக்கு மையம் கிடையாது, சூழலோடு திறந்து கிடக்கிறது. விலங்குக்கு மையம் உண்டு; அங்கிருந்தே பார்க்கும், பாயும், ஆனால் அந்த மையத்தையே திரும்பிப் பார்க்க அதற்கு வழியில்லை. மனிதன் மையத்தில் இருந்துகொண்டே வெளியேயும் நின்று தன்னைப் பார்க்கிறான். இரண்டும் ஒரே சமயத்தில், இதுதான் முக்கியம். ஆகவே 'மையமிழந்த', 'புறமைய' இரண்டும் பொருந்தாது, மையம் எங்கும் போய்விடவில்லை. 'மையங்கடந்த' என்பதோ சித்தர் பாட்டுக்குள் கொண்டுபோய் விடும்.

சாவு வீட்டில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது என்று வையுங்கள். உதட்டைக் கடிக்கிறார், துண்டால் வாயை மூடுகிறார், தோள் குலுங்குகிறது, 'ஐயோ, எல்லாரும் பார்க்கிறார்களே' என்பதும் அவருக்கே தெரிகிறது. குலுங்குவதும் அவர்தான், அதைப் பார்த்துக் கூசுவதும் அவர்தான். 1933-இல் தந்தையின் யூத வம்சாவளிக்காகக் கொலோன் பல்கலைக்கழகத்தில் வேலையை இழந்து நெதர்லாந்து போன பிளெஸ்னர், 1941-இல் சிரிப்பையும் அழுகையையும் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். மனிதனுக்குத் தன் உடம்பின் மேல் உள்ள பிடி நழுவும் இடங்கள் அவை என்பது அவர் வாதம்.

சரி, என் பரிந்துரை: மையம்விலகு நிலைகொள்ளல். 'விலகு நிலை' வினைத்தொகை. விலகிய, விலகுகின்ற, விலகும் மூன்றும் அதில் அடங்கும், ஒருமுறை விலகி முடிந்துபோன கதையாக ஆகாது. இயற்பியலின் 'மையவிலக்கு விசை'யோடு குழம்பும் என்று ஐயா ஒருவர் சொல்லக்கூடும். அங்கே விலக்கு, இங்கே விலகு. பிறவினைக்கும் தன்வினைக்கும் உள்ள வித்தியாசம் போதும் என்று நினைக்கிறேன். 'நிலைப்பாடு' கட்சி அறிக்கைகளுக்குப் போய்விட்டது. 'நிலைகொள்ளல்' என்றால், வானிலை அறிக்கையில் தாழ்வு மண்டலம் நிலைகொண்டிருப்பதைக் கேட்ட யாருக்கும் புரியும். விலங்குக்கு 'மையமுடை நிலைகொள்ளல்' என்று ஜோடியும் அமைகிறது. நீளம்தான், ஆனால் மூலச்சொல்லும் ஒன்றும் குட்டை இல்லை.

அப்புறம், பிளெஸ்னரின் 'லைப்' (நாம் உள்ளிருந்து உணர்ந்து வாழும் உடல்), 'கோர்ப்பர்' (வெளியிலிருந்து ஒரு பொருளாகப் பார்க்கும் உடல்) இரண்டுக்கும் 'உடல்' என்றே பட்டியலில் போட்டிருக்கிறோம், அதைப் பிரித்தாக வேண்டும். முதலாவதற்கு உடம்பு, இரண்டாவதற்கு உடல் என்று வைக்கலாமா? உடம்பு வலிக்கிறது என்கிறோம், பிரேதப் பரிசோதனைக்குப் போவது உடல். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.