அண்ணன் இல்லாத குரூப்

செவ்வாய், இரவு 9.10

செந்தில்: அப்பா கடையில் இருந்த, காசு போட்டு ஆடுகிற பழைய கேம் பெட்டியை மாடியிலிருந்து இறக்கியாச்சு. ஆறு பேர் பிடித்தோம். உள்ளே வயர் முழுக்க எலி கடித்திருக்கிறது. ஞாயிறு மண்டபத்தில் ஓட வேண்டுமென்றால் நாளைக்கே சாமான் வாங்கணும். பிரியா, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போவாயா?

ராஜி அத்தை: முதலில் சமையல்காரருக்கு இலைக் கணக்கு சொல்லணும். 250ஆ, 300ஆ?

பிரியா: போறேன் அத்தான். லிஸ்ட் போடுங்க.

செந்தில்: 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தருகிற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று, பட்டனுக்கும் கைப்பிடிக்கும் அடியில் வைக்கிற மைக்ரோ சுவிட்ச் 20. ஜாமா வயர் செட் ஆன்லைனில் போட்டுவிட்டேன். ஜாமா என்பது கேம் போர்டைப் பெட்டியோடு இணைக்கிற சாக்கெட்டுக்கு 1985ல் ஜப்பான் கம்பெனிகள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. யார் செய்த போர்டாக இருந்தாலும் அதே 56 கால் (பின்). மேலே 28, கீழே 28. ஏழாவது இடத்தில் ஒரு தடுப்பு இருக்கும். நம் பழைய சாக்கெட்டில் அது உடைந்து கிடக்கிறது. தெரியாமல் தலைகீழாகச் செருகியிருந்தால் 12 வோல்ட் நேராகப் பட்டன் காலில் பாய்ந்திருக்கும். போர்டு காலி.

குமார் சித்தப்பா: சரி

ராஜி அத்தை: 300 என்று சொல்லிவிட்டேன்.

குமார் சித்தப்பா: பஜ்ஜி உண்டா?

வியாழன், இரவு 10.40

செந்தில்: வயர் செட் வந்தது. போர்டின் விளிம்பு கறுத்துப் போயிருந்தது. பாப்பாவின் பென்சில் ரப்பரால் தேய்த்தேன், பித்தளைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று வந்துவிட்டது. அப்படியும் படம் வராமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் 5 இருக்கிறது, போர்டுக்குப் போய்ச் சேரும்போது 4.6. மெல்லிய வயர் நடுவழியில் தின்றுவிடுகிறது. 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் தடி வயர் மாற்றி, போர்டு பக்கமே அளந்து 5.05க்குத் திருகி வைத்தேன். படம் வந்துவிட்டது!

பிரியா: முஸ்தபாவா???

செந்தில்: ஆமாம், நாம் முஸ்தபா என்று கூப்பிடுகிற கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் கேம்தான். கேப்காம் கம்பெனி, 1993. ஆனால் போர்டு ஒரிஜினல் இல்லை. டூப்ளிகேட். அதுவும் நல்லதாகப் போச்சு. ஒரிஜினலில் ஒரு பேட்டரி இருக்கும். அது செத்தால் போர்டும் செத்துவிடும். டூப்ளிகேட்டில் அந்தத் தொல்லை கிடையாது.

ராஜி அத்தை: டூப்ளிகேட்டா? என் வளையலை அடகு வைத்து வாங்கினதுடா அது. ஒரிஜினல், பம்பாய் சரக்கு என்றுதானே உங்க அப்பா சொன்னார்?

குமார் சித்தப்பா: அக்கா, வளையல் திரும்பி வந்ததல்லவா

ராஜி அத்தை: ஒன்று வந்தது.

வெள்ளி, மாலை 6.25

செந்தில்: ஒரு கூத்து. கைப்பிடியை மேலே தள்ளினால் திரையில் முஸ்தபா கீழே இறங்குகிறான். அரை மணி நேரம் முழித்தேன். கைப்பிடியை நாம் மேலே தள்ளும்போது அடியில் இருக்கும் தண்டு கீழ்ப்பக்கம் சாய்ந்து அந்தப் பக்கத்து சுவிட்சை அழுத்துகிறது. அதனால் மேல் வயர் கீழ் சுவிட்சுக்குத்தான் போகணும். இடது வலதும் இதே கதை. ஒவ்வொரு சுவிட்சிலும் மூன்று கால், தப்பான காலில் மாட்டினால் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கிற மாதிரி ஆகிவிடும். கிரவுண்ட் மட்டும் பூச்சரம் மாதிரி எல்லா சுவிட்சையும் கோர்த்துக்கொண்டு போகும்.

குமார் சித்தப்பா: ம்

பிரியா: மூன்று பேர் ஆடலாமா?

செந்தில்: ஜாமாவில் இரண்டு பேருக்குத்தான் கால் இருக்கிறது. மூன்றாவது ஆளுக்குப் போர்டில் தனி சாக்கெட். அதற்குப் பொருந்துகிற வயர் இன்னும் கிடைக்கவில்லை.

குமார் சித்தப்பா: வெளியே நிற்கப் போவது நான்தானே. 96லும் அதேதான்

ராஜி அத்தை: பெட்டியில் ஷாக் அடிக்குமே, செருப்பு போட்டுக்கொண்டுதானே ஆடுவீர்கள்? குழந்தைகள் வருவார்கள் செந்தில்.

செந்தில்: எர்த் இழுத்துவிட்டேன் அத்தை. மண்டபத்து பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கணும். பின்கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொள்வேன். அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அப்புறம், காசு எண்ணுகிற கவுண்டர் இன்னும் அப்படியே இருக்கிறது. 48,216.

ராஜி அத்தை: அந்தக் கவுண்டர் பேச்சை எடுக்காதே.

பிரியா: ஏன்மா?

ராஜி அத்தை: கவுண்டரில் 300 இருக்கும், டப்பாவில் 240தான் இருக்கும். கல்லாவில் உட்கார்ந்தது உங்க அப்பா. அண்ணன் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுமாதம் கடைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

குமார் சித்தப்பா: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

ராஜி அத்தை: நான் படித்துவிட்டேன் குமார்.

பிரியா: என்ன போட்டார் சின்ன மாமா??

ராஜி அத்தை: அடுப்பு லைட்டராம்.

செந்தில்: ஓ! அந்த லைட்டர் தீப்பொறியா? காசு துளை பக்கத்தில் லைட்டரைத் தட்டினால் போர்டு அதைக் காசு விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். கவுண்டரும் ஓடும். டப்பாவில் எதுவும் விழாது. காசு வயரில் ஒரு சின்ன கப்பாசிட்டர்...

ராஜி அத்தை: செந்தில், கொஞ்சம் நிறுத்து.

குமார் சித்தப்பா: அக்கா அப்போ எனக்கு 15 வயசு

குமார் சித்தப்பா: அத்தான் இந்த குரூப்பில் இருக்காரா?

பிரியா: இருக்கார். டபுள் டிக் நீலமாயிடுச்சு.

வெள்ளி, இரவு 11.52

ராஜி மாமா: லைட்டர் எந்த வீட்டு அடுப்பில் இருந்து எடுத்தது?

குமார் சித்தப்பா: உங்க வீட்டு லைட்டர்தான் அத்தான்

சனி, காலை 6.05

செந்தில்: மாமா, மூன்றாவது ஆள் வயரை நேராகவே சால்டர் வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். வண்டி 4 மணிக்கு வரும். தூக்க ஆறு பேர் வேண்டும், இதுவரை நான்கு பேர்தான் கை தூக்கியிருக்கிறார்கள்.

ராஜி மாமா: நான் வருகிறேன். குமாரையும் கூட்டி வருகிறேன்.

ராஜி அத்தை: அண்ணனிடம் யார் சொல்வது?

பிரியா: கேம் பெட்டியையா, லைட்டரையா?

ராஜி அத்தை: பஜ்ஜி வாழைக்காயா உருளைக்கிழங்கா, சமையல்காரர் போனில் நிற்கிறார்.