வரி கட்ட மறுப்பது குறித்துச் சட்டம் அறிந்தோரிடம் ஒரு விளக்கம் வேண்டும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த வாரம் வரி மறுப்பைப் பற்றி நான் பேச வேண்டியிருப்பதால், வழக்கறிஞர்கள், பட்டயக் கணக்காளர்கள் ஆகியோரின் உதவியை நாடுகிறேன்.

அரசின் ஒரு செலவைத் தம் மனச்சான்று ஏற்காத ஒருவர், வருமானத்தில் ஒரு ரூபாயையும் மறைக்காமல் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு, வரியை மட்டும் கட்ட மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தால், அது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 276சி(2) பிரிவு கூறும் 'வேண்டுமென்றே வரி செலுத்துவதைத் தவிர்க்கும் முயற்சி' ஆகுமா? அல்லது வட்டி, அபராதம், வங்கிக் கணக்கு முடக்கம் என்ற அளவில் நின்றுவிடுமா? 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவு எது? (மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் சிக்கலே இல்லை, மறுப்பதற்கு முன்பே நிறுவனம் பிடித்துவிடுகிறது.)

1928இல் குஜராத்தின் பர்தோலி விவசாயிகள் மறுத்தது, தாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத அரசு உயர்த்திய நிலவரியை. ஆகவே அந்த நியாயத்தை இன்றைக்கு அப்படியே பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசியலமைப்பின் 27ஆவது உறுப்பும், குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியிலிருந்துதான் பாதுகாப்பு அளிக்கிறது. 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு முதலாளி தம் மத நம்பிக்கையைக் காட்டிச் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலக்குக் கோரியபோது மறுத்துவிட்டது.

மனச்சான்றைக் காரணம் காட்டி வருமான வரி மறுத்த வழக்கு எதையேனும் இந்திய நீதிமன்றங்கள் விசாரித்திருந்தால், தீர்ப்பின் விவரத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.