பழைய சிற்றிதழ்களைக் காப்பாற்ற உதவி வேண்டும்

வணக்கம் தோழர்களே. அப்பா சேர்த்து வைத்த சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் காட்சிக்கு வைக்கப் போகிறோம். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தாரே, விலையையே பெயராக வைத்து, அந்தக் கதையிலிருந்துதான் கண்காட்சி தொடங்கும். ஒரு பைசாவுக்குப் பத்திரிகை என்பதே எனக்குப் பெரிய அரசியலாகப் படுகிறது.

சிக்கல் என்னவென்றால், பின்கள் துருவேறித் தாளோடு ஒட்டிக்கிடக்கின்றன. தொட்டால் ஓரமெல்லாம் அப்பளமாக நொறுங்குகிறது. பின்னை எப்படி எடுப்பது? ஸ்கேனரில் கவிழ்க்கலாமா, மேலிருந்து படம் பிடிப்பதுதான் நல்லதா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், பழைய அட்டைகளைப் பார்த்து லினோகட் அச்சு (லினோலியத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவி எடுப்பது) போட்டுத் தரக்கூடிய ஓவியர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாங்க. தாள், மைச் செலவு எங்களுடையது.