ரிசல்ட் அன்னைக்கு பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?

மடிப்பாக்கம் அம்மா

2023 மே 8. பிளஸ் டூ ரிசல்ட். டிவியில திண்டுக்கல் பொண்ணு ஒண்ணு 600க்கு 600 எடுத்ததையே திருப்பித் திருப்பிக் காட்டிட்டு இருந்தாங்க. எங்க வீட்டு மெசேஜ் வந்தது. கணக்கு 62, இயற்பியல் 58, வேதியியல் 64. மீதி எல்லாம் கண்ணுலயே படல. கணக்கை முழுசா எடுத்து, மத்த ரெண்டையும் பாதியாக்கி, 62ம் 29ம் 32ம் 123ன்னு மனசுக்குள்ள ஓடிடுச்சு. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்கு 123. நாங்க நினைச்சு வச்சிருந்த காலேஜ் பக்கமே போக முடியாது.

தலைய நிமிர்த்தினா எதிர்ல அவன். எவ்வளவு நேரமா நின்னுட்டு இருந்தான்னு தெரியல. "என்னம்மா, கூட்டி முடிச்சிட்டியா?"ன்னான்.

கோபமாச் சொல்லல. அதான் இன்னும் போகமாட்டேங்குது. பாஸ் ஆயிட்டான்ங்கறதக்கூட நான் அவன்கிட்ட சொல்லல. உங்க வீட்ல என்ன நடந்துச்சு? எழுதுங்க.

கடைசி ட்ரிப்

நான் பஸ் கண்டக்டர். நெல்லைப் பக்கம். மக பத்தாவதுல கணக்குல 31. நாலு மார்க்ல போச்சு. டூட்டி முடிஞ்சு வர ராத்திரி பதினொண்ணு. பிள்ளை திண்ணையில உக்காந்திருக்கு. திட்டக்கூடாதுன்னு வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன். வாங்கிட்டு வந்த புரோட்டாவப் பிரிச்சு வச்சேன். ரெண்டு பேரும் சாப்பிட்டோம். "அப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா"ன்னு சொல்லிச்சு. "சாப்பிடும்மா"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஜூன் கடைசியில துணைத்தேர்வு எழுதி பாஸ் பண்ணி, அந்த வருசமே பிளஸ் ஒன் சேந்துட்டா. வருசம் வீணாகல. ஆனா ரெண்டு வருசம் கழிச்சு அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கா: "அன்னைக்கு அப்பா திட்டியிருந்தாக்கூட பரவால்ல. இது தேறாதுன்னு கைகழுவிட்டாருன்னு நெனச்சேன்." நான் பொறுமையா இருந்தேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!

மூணாவது அட்டெம்ப்ட்

நான் பிள்ளைங்க பக்கம். நீட் மூணு தடவை எழுதினவ. ரெண்டாவது வருஷம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அம்மா ஹால்ல உக்காந்து பூண்டு உரிப்பாங்க. நான் படிக்கிறதுக்குத் துணையாம். "போய்த் தூங்கும்மா"ன்னா, "நீ தூங்கு, அப்புறம் நான் தூங்குறேன்"பாங்க. அம்மா முழிச்சிருக்காங்களேன்னு பல நாள் சும்மா பக்கத்தப் புரட்டிட்டு இருந்திருக்கேன். ஒரு வரிகூட மண்டைல ஏறாது. காலையில டப்பா நிறைய உரிச்ச பூண்டு இருக்கும். எங்க வீட்ல அந்த வருஷம் பூண்டுக் குழம்புக்குக் குறைவே இல்ல.

இதை அவங்ககிட்ட இன்னும் சொல்லல. சொன்னா தாங்கமாட்டாங்க.

முப்பத்திரண்டு வருட வாத்தியார்

கண்டக்டர் ஐயா தவறாக நினைக்கக்கூடாது. மௌனம் பொறுமை ஆகாது. பிள்ளை கேட்டும் நீங்கள் எழுந்து போனது பிழை. பூண்டு உரித்த அம்மாவுக்கும் சொல்வேன், இரண்டு மணி வரை விழிக்கவைப்பது படிப்பே அல்ல. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பே இந்த வயதில் இரவில் தள்ளித்தான் தொடங்குகிறது. அதனால் காலையில் எழ மறுப்பதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். விடியற்காலை டியூஷனில் கண் சொருகிய பிள்ளைகளை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

அடுத்து, பாராட்டு. "உனக்கு மூளை ஜாஸ்தி" என்று சொல்லாதீர்கள். முல்லர், டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிரில் தோற்றதும் சீக்கிரம் துவண்டார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். "இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தாயே" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். போதும்.

மடிப்பாக்கம் அம்மாவுக்கு: 123ஐ வைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. ரிசல்ட் சமயத்தில் பிள்ளையின் மனநிலை பற்றிப் பயமாக இருந்தால் 14416ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417ம் இருக்கிறது.

என் அனுபவம் என்று கேட்டால், பையன் ஓசூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "ம்", "சரிப்பா" அவ்வளவுதான்.

இட்லிக்கடை

சார், யாரும் யோசனை கேக்கல. தலைப்ப ஒருதரம் படிங்க. அந்தண்ணன் மனசுல கிடந்ததக் கொட்டினா, அதுக்கும் சிவப்பு மையில மார்க் போடுறீங்க. தூக்கத்தப் பத்தி நீங்க சொன்னது சரின்னே வச்சுக்குவோம். காலை ஸ்பெஷல் கிளாஸ் வச்சது நாங்களா, ஸ்கூலா?

எங்கதை ரிசல்ட் இல்ல, அதுக்கு முந்தி. மகன் பிளஸ் ஒன்ல ஒரு பாடத்துல போயிட்டான். அடுத்த வருஷமும் கதவச் சாத்திட்டு போன்லயே கிடந்தான். நான் ஒத்தையாளு. கடையப் பாப்பனா, இவனப் பாப்பனா. ஒரு நாள் ஆசாரியக் கூட்டியாந்து அவன் ரூம் உள்தாழ்ப்பாளக் கழட்டச் சொல்லிட்டேன். கத்துவான், சண்ட போடுவான்னு நெனச்சு அதுக்குத் தயாரா நின்னேன். அவன் எந்திரிச்சு வந்து, ஆசாரிக்குக் கதவு ஆடாமப் புடிச்சுக்கிட்டான். கழட்டின ஸ்க்ரூவ ஒண்ணொண்ணா எண்ணி என் கையில வச்சான். நாலு.

போன் கொறஞ்சுதான்னா கொறஞ்சுது. பேச்சும் கொறஞ்சுது. இப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம். வீட்டுக்கு வந்தா அந்த ரூம்ல படுக்கறதில்ல, ஹால்லதான். கதவுல நாலு ஓட்டை அப்படியே இருக்கு.

மடிப்பாக்கம் அம்மா

வாத்தியார் சார், நன்றி. அவனே விசாரிச்சு, நீங்க சொன்ன மாதிரி பாலிடெக்னிக்லதான் ரெண்டாம் வருஷம் சேந்தான். எனக்கு அப்படி ஒரு வழி இருக்கறதே அவன் பாரத்தக் கொண்டாந்து கையெழுத்துக் கேட்டப்பதான் தெரியும். செமஸ்டர் மார்க்க என்கிட்டச் சொல்லமாட்டான். நானும் கேக்கறதில்ல. கேக்காம இருக்கறது சரியான்னு கண்டக்டர் அண்ணன் எழுதினதப் படிச்சப்புறம் குழப்பமா இருக்கு.

கடைசி ட்ரிப்

கேளுங்கம்மா. மார்க்க இல்ல, வேற எதையாவது.

இட்லிக்கடை அக்கா, தாழ்ப்பாள மறுபடி போட்டுட்டீங்களா?

இட்லிக்கடை

போன பொங்கலுக்குக் கூப்பிட்டேண்ணே. பழைய ஓட்டையில ஸ்க்ரூ நிக்காதாம், ரெண்டு விரல் கீழ எறக்கித்தான் போடணும்னாரு ஆசாரி. பையன்கிட்டக் கேட்டா, "எனக்கு எதுக்கும்மா இப்போ, உனக்கு வேணும்னாப் போட்டுக்கோ"ங்கறான். தாழ்ப்பாள வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன்.