கருங்கல் கெட்டுச் சுவர் மேல வெட்டுக்கல் பலகை ஒட்டலாமா?

சரிவுவீடு:
திருவட்டாறு பக்கம் நமக்கு வீடு. முன்வாசல் ரோட்டு மட்டத்துல, பின்பக்கம் பேஸ்மென்ட் ஒன்பது அடி வெளிய தெரியும். பழைய கருங்கல் கெட்டு, மேல சிமெண்ட் பூச்சு. ஒரு இடவப்பாதி மழை தாண்டினா பெயிண்ட் அப்பளமா உரியுது. சித்திரையில மகளுக்குக் கல்யாணம். வெட்டுக்கல்லை, அதான் செம்புரைக்கல்லை, முக்கால் இஞ்சு பலகையா அறுத்து விக்கானுவளே, அதை 400 சதுர அடிக்கு ஒட்டிரலாம்னு வீட்டுல சொல்லுதா. நிக்குமா?

ஒட்டுவேலை:
நிக்கும் அண்ணே, ஒழுங்கா ஒட்டினா. பெயிண்டு மேல ஒட்டவே கூடாது. பசை பிடிக்கது பெயிண்டை. அந்தப் பெயிண்டே உரியுதுன்னு நீங்களே சொல்லுதிய. பூச்சு தெரியுற வரைக்கும் கொத்தணும். வெறும் சிமெண்ட் கலவை வேண்டாம், பாலிமர் கலந்த பசை வாங்குங்க. பையில ஐஎஸ் 15477னு, கல்லு ஒட்டுற பசைக்கான இந்தியத் தர நம்பர், போட்டிருக்கான்னு பாருங்க. பல்லு வச்ச கரண்டியால சுவர்ல இழுக்கணும், கல்லு முதுகுலயும் தடவணும். மண்ணுலேருந்து நாலு இஞ்சு விட்டுத் தொடங்கணும், இல்லேன்னா கல்லு ஈரத்தை உறிஞ்சி மேல ஏத்தும்.

பழையகொத்தன்:
தம்பி சொன்னது ஒட்டுறதுக்குச் சரி. ஒட்டணுமான்னுல்லா கேள்வி. மேட்டுப்பக்க மண்ணு குடிச்ச மழைத்தண்ணி, அந்த வெள்ளம் சுவர் வழியா வெளிய வருகு, அதான் பெயிண்ட் உரியுது. கல்லை ஒட்டினாலும் அது வரத்தான் செய்யும், உம்ம கண்ணுக்குத் தெரியாது.

எங்க அக்கா வீட்டுல இதே கதை. வெள்ளம் வடிய வச்ச ரெண்டு இஞ்சு பைப்பு ஆறையும் மூடி ஒட்டிட்டுப் போயிட்டான் ஒருத்தன். துலாமழை முடிஞ்சதும் கல்லுக்குக் கல்லு இடையில உப்பு பூத்துக் கிடந்து, மாக்கோலம் போட்ட மாதிரி. ரூபாய்க்காசால தட்டினா டொக்கு டொக்குன்னு பொள்ளல் சத்தம். ஒரு பலகையைப் பெயர்த்தேன். முதுகுல அஞ்சு உருண்டை சிமெண்ட், மீதி இடமெல்லாம் வெள்ளம் தங்குன குழி.

இன்னொண்ணு. உள்ள ஒண்ணரை அடி கனத்துல அசல் கருங்கல் கிடக்கு. அதைப் பூசி மறைச்சு, அதுக்கு மேல முக்கால் இஞ்சு கல்லா? பூச்சை உரிச்சு, கல்லு இடுக்குல மட்டும் கலவை வச்சு அடைச்சு பாயிண்டிங் பண்ணும். வட்டக்கோட்டை கடலோரம் வெறும் கருங்கல்லாத்தான நிக்கு.

ஒட்டுவேலை:
வட்டக்கோட்டைக்குள்ள யாரும் பாய் விரிச்சுப் படுக்கல அண்ணாச்சி. பழைய கெட்டுல எத்தனை பொந்து இருக்கோ, பூச்சை உரிச்சா பாம்புக்குத்தான் வசதி. ஒழுங்கா பாயிண்டிங் பண்ண இப்ப ஆளு எங்க கிடைக்கு?

முட்டம்காரி:
நான் கல்லு கட்சி. ஒக்கி புயல் அடிச்ச மறுவருஷம், 2018ல, எங்க கீழ்ச்சுவருக்குக் கருங்கல் பலகை ஒட்டுனோம். அதுக்கு முன்ன வருஷம் தவறாம பெயிண்ட் செலவு. இப்ப ஓஸ் பிடிச்சுக் கழுவுறதோட சரி. ஒண்ணுதான், கடைக்காரன் தந்த இரும்புக் கிளிப்பு ரெண்டே வருஷத்துல துருவா ஒழுகி கல்லு முகத்துல மஞ்சக்கோடு போட்டுட்டு. கடக்கரைன்னா உப்புக்காத்துக்கும் லேசுல துருப்பிடிக்காத 316 ஸ்டீலுன்னு சொல்லி வாங்கணும். 20 மில்லிமீட்டர் கருங்கல் சதுர அடிக்கு அஞ்சு கிலோ வரும். ஒன்பது அடி உயரத்துல பசையை மட்டும் நம்பாண்டாம்.

பழையகொத்தன்:
உங்க சுவருக்குப் பின்னால மேட்டு மண்ணு இல்லையே மக்களே. சரிவுவீடு, ஒண்ணு செய்யும். ஒரு முழம் பாலித்தீனை உள்பக்கச் சுவர்ல வச்சு நாலு ஓரமும் டேப்பு ஒட்டி ரெண்டு நாள் விடும். சுவரைப் பாத்த பக்கம் முத்து முத்தா வெள்ளம் கோத்தா, அது சுவர்லேருந்து வருகது.

சரிவுவீடு:
ஒட்டினேன். மறுநாளே முத்து கோத்துட்டு. வெளிப்பூச்சை கீழ கொஞ்சம் கொத்திப் பாத்தா ஒரு பைப்பு வாயி, பூசுனவன் சிமெண்ட் வச்சு அடைச்சிருக்கான்! கம்பியை விட்டுக் குத்துனேன். முதல்ல சேறு, பிறகு ஒரு குட்டி நண்டு, பிறகு அரை மணிக்கூர் வெள்ளம். இதையெல்லாம் பாத்த பிறகும் வெட்டுக்கல்லு வேணும்னுதான் நிக்கா வீட்டுக்காரி.

ஒட்டுவேலை:
மத்த பைப்பையும் தேடித் திறங்க அண்ணே. பைப்பு வாயிக்குத் துளை போட்டு ஒட்டிரலாம், அதெல்லாம் ஒரு வேலையா. மாசி வெயில்ல சுவரு நல்லா காயட்டு, அளவெடுக்க வாறேன்.

பழையகொத்தன்:
நண்டுக்கும் சேத்து அளவெடும்.