விறகு அடுப்பின் கம்பஸ்டர்: மாற்ற வேண்டுமா, கழுவினால் போதுமா? (கொடைக்கானல்)

நாயுடுபுரத்தான்:

வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறோம். அப்பா இந்த வீட்டை வாங்கியபோது முன்பு குடியிருந்தவர்கள் கூடத்திலிருந்த அமெரிக்க விறகு அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வார்ப்பிரும்பு உடம்பு, கண்ணாடிக் கதவு, பக்கத்தில் பைபாஸ் கைப்பிடி (திறந்தால் புகை கம்பஸ்டரைத் தொடாமல் நேரே சிம்னிக்குப் போகும், மூடினால் அதன் வழியாகப் போகும்). பின்பக்கத் தகட்டில் "ஜூலை 1990" என்று இருக்கிறது. அப்படியென்றால் முப்பது வயதுக்கு மேலான அடுப்பு.

இரண்டு குளிர்காலமாகத் தொல்லை. முன்பெல்லாம் பைபாஸை மூடிப் பத்து நிமிடத்தில் சிம்னிப் புகை தெளிந்துவிடும். இப்போது ராத்திரி முழுக்க மஞ்சளும் சாம்பலுமாகக் கனமான புகை. எங்கள் வீடு சரிவில் மேலே இருக்கிறது. காற்றில்லாத ராத்திரிகளில் புகை மேலே போகாமல் கீழ் வீட்டு முற்றத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. அந்த அக்கா சண்டைக்கு வரவில்லை. "பிள்ளைக்கு இருமல் நிக்கல தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி அடுப்பே மூட்டவில்லை. ஆனால் அம்மாவுக்கு 81 வயது. மார்கழியில் அடுப்பில்லாமல் அவரால் முழங்காலை மடக்க முடியாது.

மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே புகையை எரிக்கும் கம்பஸ்டர், தேன்கூடு மாதிரி வட்டமான பீங்கான். இரண்டு விரிசல், ஓரத்தில் கட்டைவிரல் நக அளவு உடைந்து விழுந்திருக்கிறது. மேலே செருகியிருக்கும் வெப்பமானி முள் 400 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. இதை மாற்றியே ஆக வேண்டுமா? எடுத்துவிட்டு வெறுமனே எரிக்கலாமா? கார் மெக்கானிக் ஒருவர், பழைய காரின் சைலன்சர் பக்கம் இதே மாதிரி தேன்கூடு இருக்கும், வெட்டிப் பொருத்தித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

கோத்தகிரி ஃபிட்டர்:

தம்பி, நான் கோத்தகிரி பக்கம். தேயிலை ஃபேக்டரியில 31 வருஷம் ஃபிட்டர். டிரையருக்குச் சூடு காத்து கொடுக்கிற விறகு ஹீட்டர் என் பொறுப்புல இருந்துச்சு. ரிட்டயர் ஆன பிறகு ஒரு பழைய பங்களாவுல உங்களுது மாதிரியே ஒரு அடுப்பைப் பார்த்துக்கிறேன். அதுல ஒரு தடவை தேன்கூடு மாத்தியிருக்கேன், ரெண்டு தடவை கழுவியிருக்கேன்.

முதல்ல அந்தத் தகடு. ஜூலை 1990 அடுப்பு செஞ்ச தேதி இல்ல. அமெரிக்காவுல 1988-ல விறகு அடுப்புப் புகைக்கு வரம்பு போட்டாங்க. அதோட ரெண்டாம் கட்டம் 1990 ஜூலையில வந்துச்சு; தேன்கூடு வச்ச அடுப்பு மணிக்கு 4.1 கிராம் தூசுக்கு மேல விடக்கூடாதுன்னு. அந்த விதிக்குப் பொருந்தும்னு அடிச்ச தகடு அது. உங்க அடுப்பு அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சுச் செஞ்சதா இருக்கலாம். ஸ்பேர் தேடும்போது அந்தத் தேதிய நம்பாதீங்க. மாடல் பேரைப் பாருங்க, அளவை நீங்களே எடுங்க.

வெறுமனே எரிக்கலாமான்னு கேட்டீங்க. வேண்டாம். புகைங்கிறது எரியாத விறகு, தம்பி. அது தானாப் பத்திக்க 1,000 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல வேணும். பல்லேடியமும் பிளாட்டினமும் பூசின அந்தப் பீங்கான்ல பட்டா 500, 600-லயே பத்திக்கும். காத்தைக் குறைச்சு ராத்திரி முழுக்க மெதுவா எரியற மாதிரி கட்டின அடுப்பு அது. தேன்கூட்டை எடுத்துட்டா அந்தப் புகை மொத்தமும் சிம்னியில தாரா ஒட்டும். ஒரு நாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். எங்க ஃபேக்டரி புகைக்குழாய்ல ஒரு தடவை தீப்பிடிச்சதைக் கண்ணால பார்த்தவன் நான். குழாய் செவந்து ரயில் மாதிரி சத்தம் போட்டுச்சு.

ஆனா உடனே காசு கொடுத்துடாதீங்க. தேன்கூடு செத்துப்போச்சா, வேற எங்கயாவது ஒழுகுதான்னு முதல்ல தெரியணும். அடுப்பு ஆறினதும் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு இடுக்குல வச்சு மூடி இழுங்க. நாலு பக்கமும் இழுங்க. சுலபமா உருவிக்கிட்டு வந்தா அந்த இடத்துல இடுக்கை அடைக்கிற கயிறு கேஸ்கெட் போச்சு. பைபாஸ் தட்டையும் இருட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. அது சரியா உக்காரலைன்னா பாதிப் புகை தேன்கூட்டைத் தொடாமலே மேல போயிடும், முள்ளும் ஏறாது. நல்ல தேன்கூட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கி அதே புகையைப் பார்த்தவங்க உண்டு. வெப்பமானிக் கம்பியிலயும் கரி ஏறியிருக்கும். உருவித் துடைங்க.

மயிரிழை விரிசல் பத்திக் கவலை இல்ல. துண்டு விழுந்ததுதான் கவலை. அந்த ஓட்டை வழியாப் புகை தப்பிச்சுப் போகும். அது எப்படி விழுந்துச்சு? தேன்கூடு தகதகன்னு இருக்கும்போது ஈர விறகை உள்ளே தள்ளிப் பைபாஸைத் திறக்காம விட்டிருப்பீங்க. சூடான கண்ணாடி டம்ளர்ல பச்சைத் தண்ணி ஊத்தின கதைதான்.

இப்ப ரெண்டு விஷயம் மறைக்காமச் சொல்லுங்க. என்ன விறகு போடறீங்க? பெயின்ட் அடிச்ச மரம், பிளைவுட், பிளாஸ்டிக், நிலக்கரி எப்பவாவது போட்டீங்களா?

லவ்டேல் வீடு:

கார் தேன்கூடு பற்றி நான் சொல்கிறேன். என் கணவர் அதைச் செய்து பார்த்தார். அந்தக் கார் தேன்கூட்டில் (கன்வர்ட்டர் என்பார்கள்) ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 கண்கள் இருக்கும். விறகு அடுப்புக்கான பீங்கானில் 16 அல்லது 25தான். காரின் புகையில் சாம்பல் கிடையாது, அதற்கு அந்தச் சன்னக் கண்கள் சரி. விறகுச் சாம்பல் அதில் நிற்கும். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் ராத்திரி அடைத்துக்கொண்டது. கதவைத் திறந்ததும் புகை முழுக்க அறைக்குள் கொட்டியது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்திருந்ததால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி மலையில் நமக்குப் புதிதல்ல. உங்கள் அம்மா கூடத்திலேயே படுக்கிறார் என்றால், கம்பஸ்டர் வாங்குகிறீர்களோ இல்லையோ, அந்த அலாரத்தை இந்த வாரமே வாங்குங்கள்.

நாயுடுபுரத்தான்:

ரெண்டு பேருக்கும் நன்றி. மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அலாரம் வந்து அம்மாவின் கட்டில் பக்கம் சுவரில் மாட்டியாகிவிட்டது.

ஐயா, நோட்டு கதவின் கீழ்ப்பக்கம் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. பைபாஸ் தட்டு சரியாகவே உட்காருகிறது. விறகு டிப்போவில் வாங்கிய கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்). காய்ந்த விறகு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்கு மரங்கள் விழுந்து பல நாள் கரண்ட் இல்லை, ரோடும் இல்லை. விறகு தீர்ந்துபோனது. மாற்றி எடுத்து வைத்திருந்த பழைய ஜன்னல் சட்டங்களை உடைத்துப் போட்டேன். பச்சை பெயின்ட், ஆணியோடு. மூன்று ராத்திரி. அப்பா அப்போது இருந்தார், அவருக்குக் குளிர் தாங்கவில்லை.

கோத்தகிரி ஃபிட்டர்:

அன்னைக்கு வேற வழி இல்ல தம்பி, அப்பாவுக்காகச் செஞ்சது. ஆனா பழைய ஜன்னல் பெயின்ட்ல ஈயம் இருந்திருக்கும். ஈயம், துத்தநாகம், கந்தகம் மூணும் அந்தப் பூச்சுக்கு விஷம். மேல படிஞ்சு மூடிடும், அப்புறம் புகை அந்த உலோகத்தைத் தொட முடியாது.

இருந்தாலும் கழுவிப் பாருங்க, ரெண்டு பாட்டில் வினிகர் செலவுதானே. முதல்ல மெத்துன்னு இருக்கிற பிரஷால சாம்பலைத் தட்டுங்க. கம்பி விட்டுக் குடையாதீங்க, பூச்சு உரிஞ்சுடும். ஸ்டீல் பாத்திரத்துல வெள்ளை வினிகர் பாதி, பேட்டரிக் கடையில கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் பாதி. தேன்கூட்டை முழுசா முக்கி அரை மணி கொதிக்க விடுங்க. கொடைக்கானல் உயரத்துல தண்ணி 93 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே கொதிச்சுடும், அதனால நான் முக்கால் மணி விடுவேன். அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு தடவை கொதிக்க வச்சு அலசுங்க. நல்லாக் காயாம மாட்டாதீங்க.

விறகு விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் முக்கியம். டிப்போக்காரர் காய்ஞ்சதுன்னு சொன்னா அவர் அடுப்புக்குக் காய்ஞ்சது. இந்த அடுப்புக்கு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். கற்பூர மரம் கனமான மரம், நார் முறுக்கிக்கிட்டுப் போகும். காய்ஞ்ச பிறகு கோடாலி இறங்காது, அதனால பச்சையா இருக்கும்போதே பிளந்துடணும். பிளக்காம உருட்டுக் கட்டையா அடுக்கினா நம்ம மஞ்சுல ரெண்டு வருஷமானாலும் உள்ளே ஈரம் போகாது. சீகை அதைவிடச் சீக்கிரம் காயும். தரையில இருந்து ஒரு முழம் தூக்கி, மேல மட்டும் தகரம் போட்டு, பக்கத்தைத் திறந்து விடுங்க. தார்ப்பாயால சுத்திக் கட்டறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். வேர்வையில விறகு புழுங்கிப் பூசணம் பிடிச்சுடும். ரெண்டு துண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க. கணீர்னு கேக்கணும். மொத்துன்னு கேட்டா அதை அடுப்புக்கிட்டக் கொண்டு வராதீங்க. ஈரமானி வாங்க முடிஞ்சா, கட்டையைப் பிளந்து உள்பக்கத்துல குத்திப் பாருங்க. வெளிப்பக்கம் பொய் சொல்லும்.

கதவுக்குக் கண்ணாடி நார்க் கயிறு போடுங்க. கோயம்புத்தூர்ல வார்ப்படப் பட்டறைக்குச் சாமான் விக்கிற கடைகள்ல கிடைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எடுத்துக் கொடுத்தா வாங்காதீங்க.

நாயுடுபுரத்தான்:

ஐயா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கழுவியதில் முள் 450 வரை வந்தது, அதற்கு மேல் இல்லை. பைபாஸைத் திறந்தாலும் மூடினாலும் சிம்னியில் ஒரே புகை. செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். மச்சான் டல்லாஸிலிருந்து வருகிறார், வாங்கி வரச் சொல்லப் போகிறேன். பழையதன் கேஸ்கெட்டை உரித்துவிட்டு அளந்தேன்: விட்டம் ஆறு அங்குலம், தடிமன் இரண்டு. வேறென்ன சொல்லட்டும்?

லவ்டேல் வீடு:

கையில் எடுத்துவரச் சொல்லுங்கள், பெட்டியில் போட வேண்டாம். என் தம்பி பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த முதல் பீங்கான் நான்கு துண்டாக வந்தது. சுற்றிக் கட்டும் கேஸ்கெட் பட்டையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள், அது இங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

கோத்தகிரி ஃபிட்டர்:

மாத்தற அன்னைக்கு அடுப்பு ஒரு நாள் முழுக்க ஆறி இருக்கணும். மூக்கைத் துணியால கட்டிக்கோங்க. பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாச் சுரண்டிடுங்க, கொஞ்சம் நின்னாலும் புதுசு நேரா உக்காராது. புதுப் பட்டையைப் பீங்கான் மேல ஒரே சுத்து, முனையில பெயின்டர் ஒட்டற காகித டேப். அப்படியே மெதுவா இறக்குங்க. லூசா இருக்கிற மாதிரி தோணும், பயந்து துணி கிணி அடைக்காதீங்க. முதல் சூட்டுல டேப் எரிஞ்சுடும், பட்டை உப்பி இறுக்கிடும். அதுக்காகவே செஞ்ச பட்டை அது. இறங்கலைன்னா சுத்தியலால தட்டாதீங்க. வெளியே எடுத்து, எங்க பிடிக்குதுன்னு பாருங்க. கீழே இருந்த ஜ்வாலைத் தடுப்புத் தகட்டைத் திருப்பி மாட்ட மறக்கக் கூடாது. அது இல்லைன்னா தீ நேரா நக்கி ஒரே சீசன்ல பூச்சு உதிர்ந்துடும்.

மூட்டும்போது பைபாஸ் திறந்தே இருக்கட்டும். முள் 500-ஐத் தாண்டின பிறகு மூடுங்க. விறகு சேர்க்கும்போது முதல்ல பைபாஸ், அப்புறம்தான் கதவு. தேன்கூடு செவந்து தெரியணும்னு எதிர்பார்க்காதீங்க, சிவக்காமலும் வேலை செய்யும். 1,700 பக்கம் போனா காத்தைக் குறைங்க.

நாயுடுபுரத்தான்:

நேற்று மாட்டினேன். நீங்கள் சொன்னபடி லூசாகத்தான் இருந்தது, கையை வைக்காமல் விட்டேன். ஏழு மணிக்கு மூட்டினேன், சீகை மட்டும். 7.40-க்கு முள் 520. பைபாஸை மூடிவிட்டு டார்ச்சோடு வெளியே ஓடினேன். முதல் ஐந்து நிமிடம் அதே புகை, மனசு விட்டுப்போனது. எட்டு மணிக்குப் போனபோது சிம்னி வாயில் வெள்ளையாக ஒரு முழ நீராவி, அதற்கு மேல் நட்சத்திரம் தெரிந்தது. முள் 1,100. கீழ் வீட்டு அக்கா துணி எடுக்க முற்றத்துக்கு வந்தார். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், தூங்குகிறான் என்றார்.

பழைய பில்களைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு ஏறக்குறைய 150 ராத்திரி, ஆறு மணி நேரம் எரித்தால் 900 மணி. இதற்கு எவ்வளவு ஆயுள் வைக்கலாம் ஐயா? இன்னொன்று: பக்கத்துத் தோட்டத்தில் சில்வர் ஓக் கொடுக்கிறார்கள். பிளந்து குத்திப் பார்த்தேன், 26 காட்டுகிறது. சீகையோடு கலந்து போடலாமா?

கோத்தகிரி ஃபிட்டர்:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. நல்ல விறகா போட்டா 10,000, 12,000 மணி நேரம் வரும். உங்க கணக்குல பதினோரு வருஷத்துக்குக் குறையாது. மாட்டின தேதியை மேல்மூடியோட உள்பக்கம் ஆணியால கீறி வைங்க. காகிதம் தொலைஞ்சுடும், இரும்பு தொலையாது.

சில்வர் ஓக் இந்த வருஷம் வேண்டாம். இப்பவே பிளந்து தகரத்துக்கு அடியில அடுக்குங்க, அடுத்த மார்கழிக்கு எடுங்க.