ஒன்-ஒன்-ஒன் மினி ரொகிள் சுவிச் திருகோணமலையில் எங்கே கிடைக்கும்?

வணக்கம் உறவுகளே. என் எலெக்ட்ரிக் கிற்றாரின் ஹம்பக்கர் (இரட்டைக் கொயில் பிக்கப்) இரண்டுக்கும் ஆறு கால் ரொகிள் ஒவ்வொன்று தேவை. லீவரின் மூன்று நிலையிலும் இணைப்பு இருக்கும் ஒன்-ஒன்-ஒன் வகை. இங்கே கடைகளில் எடுத்துத் தருவது ஒன்-ஓஃப்-ஒன். வெளித்தோற்றம் ஒன்றுதான், ஆனால் லீவர் நடுவில் நின்றால் இரண்டு கொயிலிலும் ஒவ்வொரு முனை அந்தரத்தில் தொங்கும், சத்தமே வராது.

வயரிங் இதுதான், பிழை இருந்தால் சொல்லுங்கள். சீமோர் டங்கன் நிறுவனப் பிக்கப்பின் கம்பி நிறங்கள்: கறுப்பு ஹொட் (சிக்னல் வெளிவரும் கம்பி), பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட். வெள்ளை இடது நடுக்காலில், சிவப்பு வலது நடுக்காலில். மேற்கால்கள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைப்பு. கீழ் இடது கிரவுண்ட், கீழ் வலது கறுப்போடு. சீரிஸ் (கொயில்கள் தொடராக), ஒற்றைக் கொயில், பரலல் (சமாந்தரமாக) மூன்றும் வரும். வொல்யூம் கொன்ரோலில் ஒட்டுமுன் மீற்றரில் ஏறத்தாழ 8, 4, 2 கிலோ ஓம் காட்டினால் சரி. (டிமார்சியோ நிறுவனப் பிக்கப்பில் சிவப்புத்தான் ஹொட். டங்கன் முறையில் ஒட்டினால் சீரிஸில் கொயில்கள் எதிரெதிராகி ஒலி மெலியும்.)

இன்னொன்று. இரண்டு பிக்கப்பும் ஒற்றைக் கொயிலில் சேரும்போது இரைச்சல் அடங்க, ஒன்றில் காந்த வடமுனைக் கொயிலும் மற்றதில் தென்முனைக் கொயிலும் மிஞ்ச வேண்டும். சுவிச்சை 180 பாகை திருப்பிப் பயனில்லை. ஒரு சுவிச்சில் இடது, வலது நிரைகளை மாற்றி ஒட்டுவதாக எண்ணம். செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

உவர்மலைப் பக்கமோ நகரிலோ கடை தெரிந்தால் சொல்லுங்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர்கள் வாங்கி வந்தாலும் பெரிய உதவி. மூடிய வகைதான் வேண்டும். நம் கடற்காற்றில் திறந்ததில் களிம்பு ஏறிவிடும்.